காலில் ரத்தக் கட்டி, கவனிக்காமல் விட்ட குடல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

36 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இடது கெண்டைக்கால் ஐந்து நாட்களாக வீங்கியிருக்கிறது, நடந்தால் வலிக்கிறது என்று அவசரப் பிரிவுக்கு வந்தார். அன்று பணியில் இருந்த பொது மருத்துவக் குழுவில் நான் மூத்தவன். அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

காலில் ரத்த உறைவு என்று சந்தேகம் வந்ததும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. அறுவை சிகிச்சை, நீண்ட பயணம், எலும்பு முறிவு, கர்ப்பம் எதுவும் இல்லை. கருத்தடை மாத்திரை எடுத்ததில்லை. குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லை. எடை 47 கிலோ. பழைய நோய்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: ‘ரத்தசோகை, இரும்பு மாத்திரை எடுத்து வருகிறார்.’ அந்த வரியை எழுதியவன் நான்தான். எத்தனை வருடமாக என்று அன்று கேட்கவில்லை.

வந்த அன்று கண்டவை

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னாலுள்ள சிரையிலும் தொடைச் சிரையின் கீழ்ப்பகுதியிலும் கட்டி தெரிந்தது. மூச்சுத்திணறல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 6.1 லட்சம், அதாவது மேல் வரம்பான 4.5 லட்சத்தைத் தாண்டி வெகுதூரம். சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 82, இது இயல்பான அளவு. ஆனால் அணுக்களுக்குள் பரும வேறுபாடு மிக அதிகம். ரத்தத்திலுள்ள புரதமான அல்புமின் 3.1, இது குறைவு. கல்லீரல் என்சைம்கள் லேசாகக் கூடியிருந்தன. ஐ.என்.ஆர். 1.4.

கடைசி எண்ணில்தான் நாங்கள் நின்றிருக்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஐ.என்.ஆர். காட்டுகிறது. எந்த மருந்தும் எடுக்காதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். இவருக்கு ஒரு துளி மருந்து கொடுப்பதற்கு முன்பே 1.4. என்சைம்கள் கூடியிருப்பதால் கல்லீரல் சம்பந்தப்பட்டது போலிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று கடந்து போனோம்.

முதல் 12 நாட்கள்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை உடல் எடைக்கு ஏற்ற முழு அளவில் இரு வேளையும் தொடங்கினோம். மறுநாள் அதே வேலைக்கான மாத்திரையான வார்ஃபரின் 5 மி.கி. சேர்த்தோம். புதிய வகை மாத்திரைகளை விட்டு வார்ஃபரினை எடுத்ததற்குக் காரணம் இருந்தது: அவருக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், ஏற்கெனவே ரத்தசோகை. அளந்து பார்க்கக்கூடிய, தேவைப்பட்டால் எளிதாக முறிக்கக்கூடிய மருந்தே நல்லது என்று நினைத்தோம். அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். 1.9, ஆறாம் நாள் 2.8. இலக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் என்பதால் ஊசியை நிறுத்தி, வார்ஃபரின் மட்டும் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். ஒல்லியான, அல்புமின் குறைந்த ஒருவருக்கு எண் இவ்வளவு வேகமாக ஏறுவது யாரையும் உறுத்தவில்லை.

12-ஆம் நாள் ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது, தொடையில் நீலத் திட்டுகள் வந்திருக்கின்றன என்று திரும்பி வந்தார். ஐ.என்.ஆர். 7.4. வார்ஃபரினை நிறுத்தி, அதை முறிக்கும் வைட்டமின் கே சிறிய அளவில் நரம்பு வழியாகக் கொடுத்தோம். மறுநாள் எண் 1.6-க்கு இறங்கியது, கசிவு நின்றது. கட்டியைக் கண்டுபிடித்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் பாதுகாப்பில்லாமல் விட முடியாது என்பதால் ஹெப்பாரின் ஊசியை மறுபடி தொடங்கினோம்.

கேள்வி மாறிய இடம்

மாத்திரையைத் தவறுதலாக இரண்டாகப் போட்டுக்கொண்டாரா, வலி மாத்திரை ஏதாவது சேர்த்தாரா, ஆன்டிபயாடிக் எடுத்தாரா என்றெல்லாம் கேட்டோம். எதுவும் இல்லை. அப்போது வார்டின் மருந்தாளுநர் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ‘டாக்டர், வார்ஃபரின் ஆரம்பிப்பதற்கு முன்பே 1.4 இருந்திருக்கிறதே, அது ஏன்?’ என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த நான்கு நாட்களில் அவருடைய ரத்தமே பதில் சொன்னது. வைட்டமின் கே கொடுத்த பிறகு எண் 1.0-இல் வந்து நின்றது. அதாவது முதல் நாள் இருந்ததைவிடவும் கீழே. கல்லீரல் பழுதடைந்து உறைவுக் காரணிகளை, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை, செய்ய முடியாமல் போயிருந்தால் ஒரு ஊசி வைட்டமினால் இப்படிச் சரியாகியிருக்காது. செய்ய ஆள் இருந்தது, மூலப்பொருள்தான் இல்லை. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. கொழுப்பு குடலில் சரியாக உறிஞ்சப்படாவிட்டால் அதுவும் உள்ளே வராது.

சரி, இப்போது குடலைப் பற்றிக் கேட்கத் தொடங்கினோம். முதல் நாள் ‘வயிற்றுப்போக்கு உண்டா?’ என்று கேட்டதற்கு இல்லை என்றவர், ‘ஒரு நாளைக்கு எத்தனை முறை, எப்படிப் போகிறது?’ என்று கேட்டதும் வேறு கதை சொன்னார். மூன்று நான்கு முறை, வெளிறிய நிறம், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது, சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்ளும். ‘எனக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் டாக்டர், அது என் உடம்பு வாகு’ என்றார். வாய்ப்புண் அடிக்கடி வரும். ஐந்து வருடத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தார். தம்பிக்கு முதல் வகை நீரிழிவு. எல்லாம் சேர்ந்து சீலியாக் நோயைச் சுட்டின: கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது.

பழைய அறிக்கைகள்

அவர் கணவர் ஒரு உறை நிறையப் பழைய ரத்த அறிக்கைகளைக் கொண்டு வந்தார். தேதி வாரியாகத் தரையில் பரப்பிப் பார்த்தோம். இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஆறு வருடங்களில் 11 அறிக்கைகள். ஹீமோகுளோபின் 8-க்கும் 10-க்கும் நடுவிலேயே ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் இரும்பு மாத்திரை எழுதப்பட்டிருந்தது. மூன்று முறை மாத்திரையின் பெயர் மட்டும் மாறியிருந்தது. ‘ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று ஒரு தாளில் குறிப்பு இருந்தது. அவர் ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார். இரும்பை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் தொடக்கமான டியோடினம். அங்கேதான் சீலியாக் நோய் முதலில், கடுமையாகத் தாக்குகிறது. மாதவிடாய் ரத்தப்போக்கு ஒரு கண்ணுக்குத் தெரிந்த காரணமாக இருந்ததால் எல்லோரும் அதையே பார்த்தார்கள். ஒருவரை ஆறு வருடம் ‘மாத்திரை எடுக்காதவர்’ என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தட்டணுக்கள் 11 அறிக்கைகளில் ஒன்பதில் வரம்புக்கு மேல். அதையும் யாரும் வட்டமிடவில்லை.

பரிசோதனைகளும் ஒரு காத்திருப்பும்

கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிறிய வெளிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து கிடந்தன. சிறியவை இரும்புக் குறைவால், பெரியவை ஃபோலேட் என்ற வைட்டமின் குறைவால். இரண்டும் சேர்ந்து சராசரியை 82 என்ற ‘இயல்பு’ எண்ணுக்குக் கொண்டுவந்திருந்தன. கூடவே ஹோவெல்-ஜாலி துகள்கள் இருந்தன. மண்ணீரல் சரியாக வேலை செய்தால் வடிகட்டிவிடும் எச்சங்கள் இவை. சீலியாக் நோயில் மண்ணீரல் சுருங்கிச் செயல் குன்றுவது தெரிந்த விஷயம்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5, மிகக் குறைவு. ஃபோலேட் மிகக் குறைவு. பி12 கீழ் வரம்பின் விளிம்பில். இந்த இரண்டும் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் 31, இயல்பான அளவு 15 வரை. வைட்டமின் டி-யும் குறைவு. சீலியாக் நோயைக் காட்டும், திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற என்சைமுக்கு எதிரான ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் வரம்பைப்போல் 10 மடங்குக்கும் மேல். மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்தே பார்த்தோம். சீலியாக் உள்ளவர்களில் 100-க்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.-வே சுரப்பதில்லை, அவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொய்யாகச் சரியென்று வந்துவிடும். இவருக்கு அது இயல்பாக இருந்தது.

இங்கே இரண்டு சிக்கல். முதலாவது, அறிக்கை வந்த அன்றே குடும்பத்தார் கோதுமையை நிறுத்திவிட நினைத்தார்கள். அவசரம் புரிந்தது. ஆனால் குளூட்டனை நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கி, திசுப் பரிசோதனை குழப்பமாகிவிடும். வாழ்நாள் முழுவதும் ஒரு உணவுக் கட்டுப்பாட்டைச் சுமத்தப் போகிறோம், அதற்கு உறுதியான ஆதாரம் கையில் இருக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி வரை நான்கு நாட்கள் வழக்கம்போலச் சாப்பிடச் சொன்னோம்.

இரண்டாவது சிக்கல் பெரியது. கட்டி புதியது, முதல் மாதத்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை நிறுத்துவது ஆபத்து. திசு எடுத்தாலோ ரத்தக் கசிவு பயம். குடல் மருத்துவரோடு பேசினோம். வெறுமனே துணுக்குத் திசு எடுப்பது ரத்தக் கசிவு அபாயம் குறைந்த செயல்முறை. ஊசி மருந்தில் இருந்ததால் காலை வேளை ஊசியை மட்டும் தள்ளிவைத்து, எண்டோஸ்கோப்பி முடித்து, மாலை ஊசியை வழக்கம்போலப் போட்டோம். டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் நான்கு, தொடக்கப் பகுதியில் இரண்டு என ஆறு துணுக்குகள் எடுக்கப்பட்டன. கசிவு எதுவும் இல்லை. முடிவு: குடலுறிஞ்சிகள் பெருமளவு தேய்ந்திருந்தன, சீலியாக் பாதிப்பை அளக்கும் மார்ஷ் வரிசையில் 3பி.

குடலுக்கும் ரத்தக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்

குடும்பத்தார் கேட்ட கேள்வி இது. எங்கள் குழுவிலும் ஒருவர் இதையே கேட்டார்.

சீலியாக் நோய் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒருபோதும் ரத்தக் கட்டி வருவதில்லை. ஆனாலும் 2007-இல் ஸ்வீடனில் 14,000-க்கும் மேற்பட்ட சீலியாக் நோயாளிகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு வெளியான ஆய்வில், சிரைகளில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருப்பது தெரிந்தது. கால் சிரை மட்டுமல்லாமல் கல்லீரல் சிரை, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை, மூளைச் சிரைக் குழிகள் போன்ற வழக்கத்துக்கு மாறான இடங்களில் கட்டி வந்த தனி நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஒரே ஒரு வழியில் இது நடப்பதாகத் தெரியவில்லை. நாள்பட்ட அழற்சி ரத்தத்தை உறையும் பக்கம் தள்ளுகிறது. இரும்புக் குறைவு தட்டணுக்களைக் கூட்டுகிறது. மண்ணீரல் உடலின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும். அது சுருங்கினால் அவையும் ரத்தத்துக்கு வந்துவிடும். ஃபோலேட், பி12 குறைவால் ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது. சிலரிடம் ரத்தக் கட்டியைத் தூண்டும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. ஹோமோசிஸ்டீன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் கட்டி திரும்ப வருவது குறையவில்லை. அதனால் அந்த 31 என்ற எண்ணைக் குற்றவாளியாக நிறுத்த நான் தயங்குகிறேன். குடல் எவ்வளவு காலமாகப் பட்டினி கிடக்கிறது என்பதற்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

பலருக்கும் புரியாமல் போவது வைட்டமின் கே விஷயம். அது குறைந்தால் ரத்தம் கசியத்தானே வேண்டும், எப்படி உறையும்? ரத்தத்தை உறைய வைக்கும் 2, 7, 9, 10 காரணிகளுக்கு மட்டுமல்ல, உறைவுக்குக் கடிவாளம் போடும் புரதம் சி, புரதம் எஸ் இரண்டுக்கும் அதே வைட்டமின் வேண்டும். ஒரு பக்கமும் குறைகிறது, மறுபக்கமும் குறைகிறது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஐ.என்.ஆர். காட்டாது, ஏனென்றால் அது முதல் பக்கத்தை மட்டுமே அளக்கிறது. 1.4 என்பதைப் பார்த்து ‘இவருக்கு ரத்தம் இளகி இருக்கிறது’ என்று நினைத்தால் அது பெரிய தவறு.

இவருக்கு வந்த கட்டிக்கு சீலியாக்தான் காரணம் என்று நிரூபிக்க ஒரு நிகழ்வு போதாது. வேறு காரணம் கிடைக்கவில்லை, நோய் கடுமையாக இருந்தது, மேலே சொன்னவற்றில் பல அவரிடம் ஒன்றாக இருந்தன. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

எந்த மருந்தில் தொடர்வது

வார்ஃபரின் ஒரு முறை கையை மீறிப் போய்விட்டது. புதிய மாத்திரைகள் பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலின் மேற்பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. தேய்ந்து கிடக்கும் அந்தக் குடலில் எவ்வளவு உள்ளே போகும் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊசி குடலைத் தொடுவதே இல்லை. எனவே முதல் எட்டு வாரங்களுக்கு ஹெப்பாரின் ஊசி என்று முடிவு செய்தோம். தினம் இரண்டு ஊசி, வயிறெல்லாம் நீலப் புள்ளிகள். அவர் பொறுத்துக்கொண்டார்.

எட்டு வாரத்துக்குப் பிறகு வார்ஃபரினுக்கு மாறினோம், இந்த முறை 2 மி.கி.-இல் தொடங்கி, வாரம் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்த்து. முதல் வாரங்களில் 2 மி.கி. போதுமாக இருந்தது. அப்புறம் மாதத்துக்கு மாதம் அளவைக் கூட்ட வேண்டி வந்தது. ஆறாம் மாதம் 5 மி.கி. உணவிலிருந்து வைட்டமின் கே உள்ளே வரத் தொடங்கியிருந்தது. இதை எதிர்பார்க்காமல் மாதம் ஒரு முறை மட்டும் பார்த்திருந்தால் நடுவில் பாதுகாப்பில்லாமல் இருந்திருப்பார்.

இரும்பை நரம்பு வழியாகக் கொடுத்தோம். பி12 ஊசியைத் தொடங்கிய பிறகே ஃபோலிக் அமிலம் சேர்த்தோம். மண்ணீரல் செயல் குன்றியிருந்ததால் நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசி போட்டோம். எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது, அதற்கு வைட்டமின் டி-யும் கால்சியமும்.

ஒரு தவறான முத்திரை

முதல் முறை அனுமதியான மூன்றாம் நாள், நல்லெண்ணத்தில் யாரோ புரதம் சி, புரதம் எஸ் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பியிருந்தார்கள். புதிய கட்டி, வார்ஃபரின் தொடங்கியாகிவிட்டது, வைட்டமின் கே குறைவு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே அந்த அளவுகள் பொய் சொல்லும். இரண்டும் பாதிக்குக் கீழே வந்தன. அறிக்கையைப் பார்த்த குடும்பத்தார் இதை வாழ்நாள் முழுவதும் இருக்கும் பரம்பரை நோய் என்று புரிந்துகொண்டு, குழந்தைகளுக்கும் வந்திருக்குமோ என்று மூன்று வாரம் தூங்கவில்லை. உட்கார வைத்து விளக்கினோம், ஆனாலும் அச்சம் முழுவதும் போகவில்லை. பரம்பரையாகக் கட்டி வரும் தன்மையைத் தேடும் ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் மரபணுப் பரிசோதனைகள் மருந்தால் மாறாதவை. அவை இரண்டும் சரியாகவே வந்தன.

பின் நடந்தவை

மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.8. நான்காம் மாதம் எதிர்ப்பொருள் அளவு எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் சுத்தமாக விட்டுவிட்டதாகச் சொன்னார், உண்மையும் அதுதான். உணவு ஆலோசகர் ஒரு வாரச் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னபோது ஓட்ஸ் அகப்பட்டது. ஓட்ஸ் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவது சகஜம். குளூட்டன் கலக்காதது என்று உத்தரவாதம் இல்லாத ஓட்ஸை நிறுத்திய பிறகு அளவு இறங்கத் தொடங்கியது.

ஆறாம் மாதம் தட்டணுக்கள் 3.2 லட்சம், ஹோமோசிஸ்டீன் 10. எட்டாம் மாதம் வார்ஃபரினை நிறுத்துவதா என்று பேசினோம். காரணமில்லாமல் வந்த கட்டி என்று வைத்தால் காலவரையின்றித் தொடரச் சொல்வது வழக்கம். சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் இருந்தது, அது சரியாகி வருகிறது என்று வைத்தால் நிறுத்தலாம். இதற்கு எங்களிடம் உறுதியான வழிகாட்டி இல்லை. இரண்டு பக்க அபாயத்தையும் அவரிடம் சொன்னோம். மாதவிடாய் ரத்தப்போக்கு வார்ஃபரினால் மோசமாகியிருந்தது. அவர் நிறுத்த விரும்பினார். டாப்ளரில் சிரை பெரும்பாலும் திறந்திருந்தது. நிறுத்தினோம்.

நிறுத்திய ஒரு மாதம் கழித்து புரதம் சி, எஸ் இரண்டும் இயல்பு. கட்டி கரையும்போது ரத்தத்தில் கூடும் டி-டைமர் இயல்பு. பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இல்லை. பரம்பரை என்ற பேச்சு அன்றுதான் அந்த வீட்டில் முடிந்தது.

நெருங்கிய ரத்த உறவினர்களுக்கு சீலியாக் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் தம்பியையும் இரண்டு குழந்தைகளையும் பரிசோதித்தோம். தம்பிக்கு இல்லை. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் இருந்த ஒன்பது வயது மகளுக்கு இருந்தது.

18-ஆம் மாதம் தாயின் எதிர்ப்பொருள் அளவு வரம்புக்குள் வந்தது. எடை 55 கிலோ. கட்டி திரும்ப வரவில்லை. நின்றுகொண்டே இருந்தால் மாலையில் இடது கால் லேசாக வீங்குகிறது. அது முழுவதும் போகுமா என்று சொல்ல முடியாது.

மாற்றிச் செய்பவை

ரத்த உறைவுடன் வரும் எல்லோருக்கும் சீலியாக் பரிசோதனை தேவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைக்கு அசையாத இரும்புக் குறைவு, காரணம் தெரியாமல் ஏறிய தட்டணுக்கள், மருந்துக்கு முன்பே கூடிய ஐ.என்.ஆர்., எடை இழப்பு, வழக்கமில்லாத இடத்தில் கட்டி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே இப்போது எங்கள் குழு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை முதல் நாளே அனுப்புகிறது, மொத்த ஐ.ஜி.ஏ.-வோடு சேர்த்து.

மருந்துக்கு முந்தைய ஐ.என்.ஆர். 1.2-ஐத் தாண்டினால் ஏன் என்று எழுதாமல் வார்ஃபரின் தொடங்குவதில்லை. தொடங்கினாலும் குறைந்த அளவில், வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாளே மறுபடி அளவு பார்த்து. புரதம் சி, எஸ் பரிசோதனையைப் படுக்கையில் இருக்கும்போது யாரும் அனுப்பக்கூடாது என்று வார்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மலம் பற்றிய கேள்வியை ‘உண்டா, இல்லையா’ என்று கேட்பதை விட்டு, எத்தனை முறை, எப்படி என்று கேட்கப் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: ‘அறுவை சிகிச்சை, கர்ப்பம், நீண்ட படுக்கை நேர்ந்தால் ரத்த உறைவுத் தடுப்பு பற்றி முன்கூட்டியே முடிவு செய்யவும். எந்த மாத்திரை எழுதினாலும் அதில் கோதுமை மாவுச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேட்கவும்.’